அத்தியாயம் 6: ஆண்டுத் தொகுப்புகளும் ஆவடி வண்டியும்

ஆவடியிலிருந்து கிளம்பும் வண்டியின் நெற்றியில் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்று எழுதியிருக்கும். அங்கே மார்க்கெட் எதுவும் கிடையாது. 1985 மே மாதம் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் நின்ற இடத்தில்தான் இன்றைய புறநகர் நிலையம் நிற்கிறது. பழைய புத்தகங்களுக்கு ஒரு காலத்தில் சென்னையில் அதைவிடப் பெரிய வாசல் இல்லை. புத்தகம் தேடி ஊர் போன இடத்துக்கே இன்று நாம் வேலைக்குப் போக தினமும் இறங்குகிறோம். மிகுபுனைவுக் கதைகளை ஆண்டுவாரியாக வாசிக்கும் இந்த அத்தியாயத்தை அந்த வண்டியிலேயே தொடங்குவதுதான் முறை.

மிகுபுனைவு என்று நான் சொல்வது, நடக்க முடியாத ஒன்று நடக்கிற கதை. பேய், தெய்வம், பேசும் மரம், நாளை மறுநாளிலிருந்து வரும் ஆள், எதுவாகவும் இருக்கலாம். ஆண்டுத் தொகுப்பு என்பது ஓராண்டில் வெளிவந்த கதைகளில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்துக் கட்டிய நூல். இரண்டும் சேர்ந்த நூல்வரிசை ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் நீண்டகாலம் ஓடிய ஒன்று இல்லை. இல்லாததை வைத்து வழிகாட்டி எழுதுவானேன் என்று கேட்கலாம். தமிழில் அந்தத் தொகுப்பைப் பதிப்பாளர் கட்டவில்லை, வாசகர் கட்டினார். அதை மறுபடியும் கட்டலாம். எப்படி என்பதை இந்த அத்தியாயத்தின் கடைசியில் சொல்கிறேன். முதலில் வாசிக்கப் பழக வேண்டும்.

பழகுவதற்கு நாம் வெளியூர் போகத் தேவையில்லை. நம்முடைய ரயில் பாதையே ஒரு தொகுப்பு.

ஆவடியைத் தாண்டி இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டக் காசில்லாத மனிதர், மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் கட்டுகிறார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் இவருடைய மனக்கோயிலுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு. இறைவன் அரசனின் கனவில் வந்து, 'நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்' என்கிறான். அரசன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று விசாரிக்கிறான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்தருக்கு இது வரலாறு. அங்கே இருதயாலீசுவரர் கோயிலில் இன்றும் பூசலாரை வணங்குகிறார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. கதை வாசிக்கக் கற்றுக்கொள்கிறவர் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று.

இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் அந்த மனக்கோயிலை எப்படிக் கட்டுகிறார் என்று பாருங்கள். கண்ணை மூடினார், கோயில் எழுந்தது என்று அவர் விட்டுவிடவில்லை. நாயனார் மனத்தால் பொருள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடிக் கொண்டுவருகிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார், இரவிலும் கண்துஞ்சாமல் வேலை பார்க்கிறார், சுதை வேலை முடிக்கிறார், கிணறு தோண்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் வெட்டுகிறார். மெய்யான கோயில் ஒன்றுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் வரிசை தப்பாமல் வருகின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று, கல். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சிற்ப முறைப்படி இருப்பதால்தான், அரசன் வந்து கோயில் எங்கே என்று கேட்கும்போது நமக்கும் நெஞ்சு அடைக்கிறது.

மிகுபுனைவை வாசிக்க எனக்குத் தெரிந்த ஒரே கருவி இதுதான். கதையில் எந்த ஒரு விதி மீறப்படுகிறது? எந்தெந்த விதிகள் மீறப்படாமல் காக்கப்படுகின்றன? நல்ல கதையில் முதல் கேள்விக்குப் பதில் ஒரு வரியில் முடியும். இரண்டாவதற்குப் பக்கம் போதாது. மோசமான கதையில் இது தலைகீழாக இருக்கும்: மந்திரம் மேல் மந்திரமாக வந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்த உலகத்தில் அரிசி என்ன விலை என்று தெரியாது.

சேக்கிழாரைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். அவருக்கு முன்னே சுந்தரர் அடியார்களின் பெயர்களை அடுக்கிப் பாடினார்; அதற்குப் பெயரே திருத்தொண்டத் தொகை. நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக விரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைக் காப்பியமாக்கினார். ஆக, பட்டியல், குறிப்பு, முழுக்கதை என்று மூன்று படிகள். உங்கள் வாசிப்பு நோட்டையும் இந்த மூன்று படியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். தொகை என்ற சொல்லும் அதன் வேலையும் நம் பகுதிக்குப் புதிதில்லை.

இனி அச்சில் வந்த கதை ஒன்றில் கருவியைச் சோதிப்போம். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். வரதர் அவரோடு நேரில் பேசுவார் என்பது வைணவ மரபு. கடவுள் ஒரு மனிதரிடம் வந்து சகஜமாகப் பேசுகிற இந்த அமைப்பைப் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிராட்வே முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். விதிமீறல் ஒன்றுதான்: கடவுள் சென்னைக்கு வந்துவிட்டார். மற்றதெல்லாம் நம் ஊர் நடப்பு. காபி குடித்தால் பில் வரும். கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் மீதியோடு போலிப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைத் தள்ளிவிடுவார். ரிக்ஷாவுக்குக் கூலி உண்டு. கந்தசாமிப் பிள்ளை நடத்துவது வைத்தியப் பத்திரிகை. எதிரில் நிற்பது கடவுளே என்றாலும் சந்தா சேர்க்காமல் விடமாட்டார், அதுவும் ஆயுள் சந்தா. கடவுளின் ஆயுள் எவ்வளவு, பத்திரிகையின் ஆயுள் எவ்வளவு என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது. இந்தக் கதையை வேடிக்கை என்று மட்டும் வாசித்துவிட்டுக் கடந்து போகிறவர்கள் நிறையப் பேர். நோட்டில் இரண்டு பத்தி இழுத்து, மீறியது, மீறாதது என்று எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு வரி, வலப்பக்கம் பன்னிரண்டு வரி வரும். கடவுளால் வரம் தர முடியும். இந்த நகரத்தில் பிழைக்க முடியாது. அந்த வலி வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கதை 1943-ல் 'கலைமகள்' இதழில் வந்தது. அதே ஆண்டு, அதே இதழில்தான் அவருடைய 'காஞ்சனை'யும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒன்றில் தெய்வம் பட்டப்பகலில் வருகிறது, யாரும் பயப்படவில்லை. மற்றொன்றில் வீட்டுக்குள் வந்த பெண் பேயா இல்லையா என்று கடைசிவரை தீரவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒரே எழுத்தாளர், ஒரே ஆண்டு. ஆண்டுவாரி வாசிப்பின் பயன் இதுதான். எழுத்தாளர் பெயரை வைத்து வாசித்தால் அவருடைய குணம் தெரியும். ஆண்டை வைத்து வாசித்தால் அந்தக் காலத்தின் மனசு தெரியும். இதற்கு வசதியான பதிப்பும் உண்டு: ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த, காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' நூலில் கதைகள் காலவரிசையில் உள்ளன, எந்த இதழில் எப்போது வந்தவை என்ற விவரத்தோடு. அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகளும் நிறையக் கிடைக்கின்றன. வாசிக்க எதுவும் போதும். ஆண்டு பார்க்க அந்தப் பதிப்பு வேண்டும்.

இப்போது அச்சான ஆண்டுத் தொகுப்புகளுக்கு வருவோம்.

தமிழில் நெடுங்காலம் தொடர்ந்தது இலக்கியச் சிந்தனை. 1970-ல் சென்னையில் தொடங்கிய அமைப்பு. மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளைப் பரிசீலித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கதை. அவற்றில் ஆண்டின் சிறந்த கதை ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு நூல். வானதி பதிப்பகம் வெளியிட்டது. பழைய புத்தகக் கடையில் இதைத் தேடுகிறவர் கவனிக்க வேண்டியது, அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கதையின் தலைப்பு. தொகுப்பின் அடையாளத்தையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் தேட வேண்டும். அட்டையைப் பார்த்து ஏதோ நாவல் என்று நினைத்து நானே இரண்டு முறை கீழே வைத்திருக்கிறேன்.

இத்தொகுப்புகளில் பெரும்பகுதி நடப்பியல் கதைகள். மிகுபுனைவு எப்போதாவதுதான் தலைகாட்டும். அதனால் இவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். பதினோரு நடப்பியல் கதைக்கு நடுவில் வரும் ஒரு மாயக்கதைக்குத் தனி பலம் உண்டு. வரப்போவதை அறியாமல் அதற்குள் போகிறோம். மாயக்கதை மட்டுமே உள்ள தொகுப்பில் அந்த வியப்பு மூன்றாவது கதையிலேயே தீர்ந்துவிடும். பிறகு வாசகர் பேயை எதிர்பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்.

ஆங்கிலத்தில் வந்த மிகுபுனைவு வரிசைகளில் இரண்டைத் தெரிந்துவைத்தால் போதும். டா புக்ஸ் வெளியிட்ட 'தி இயர்ஸ் பெஸ்ட் ஃபேன்டஸி ஸ்டோரீஸ்' 1975 முதல் 1988 வரை 14 தொகுதிகள். முதல் ஆறு லின் கார்ட்டர் தொகுத்தவை, மீதி எட்டு ஆர்தர் சாஹா தொகுத்தவை. கார்ட்டருக்கு வாளும் மந்திரமும் பிடிக்கும், தன்னுடைய கதைகளையும் சேர்த்துக்கொண்டார். இதற்காக அவரைத் திட்டியவர்கள் பலர். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆறாவது தொகுதியையும் ஏழாவதையும் அடுத்தடுத்து வாசித்தால், தொகுப்பாளர் மாறினால் ஒரு துறையே மாறியதுபோலத் தெரிவதை உணரலாம். மாறியது துறை இல்லை, தெரிந்தெடுத்த கை.

இரண்டாவது, எலன் டாட்லோவும் டெர்ரி விண்ட்லிங்கும் 1988-ல் தொடங்கிய வரிசை. 2008 வரை 21 தொகுதிகள். விண்ட்லிங் விலகிய பிறகு கெல்லி லிங்க்கும் கேவின் கிராண்ட்டும் அவர் பங்கை எடுத்துக்கொண்டார்கள். விண்ட்லிங் மிகுபுனைவையும் டாட்லோ திகில் கதைகளையும் பிரித்துக்கொண்டு தேர்ந்தார்கள். ஒவ்வொரு தொகுதியின் முகப்பிலும் அந்த ஆண்டைப் பற்றிய நீண்ட கட்டுரை இருக்கும். தலையணை கனம். வண்டியில் நின்றுகொண்டு பிடிக்க முடியாது. வீட்டில் வைத்து வாசிக்க வேண்டியது. முகப்புக் கட்டுரையை முதலில் வாசிக்காதீர்கள். கதைகளை முடித்துவிட்டு, உங்களுக்கு எது பிடித்தது என்று நோட்டில் எழுதிய பிறகு அதற்குத் திரும்புங்கள். இல்லையென்றால் அவர்களுடைய கருத்து உங்கள் கருத்தாக உட்கார்ந்துவிடும். இன்னொரு கவனம்: 1988-ல் வந்த தொகுதியில் இருப்பவை 1987-இன் கதைகள். நோட்டில் கதை வந்த ஆண்டைத்தான் எழுத வேண்டும், நூல் வந்த ஆண்டை அல்ல.

எங்கே கிடைக்கும் என்பதற்குச் சுருக்கமாக. ஜனவரியில் பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி. புதுத் தொகுப்புகளுக்கு அதுவே போதும். பழையவற்றுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். இந்தியாவில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நூலகங்களில் அது ஒன்று. 1896 முதல் இயங்குகிறது. பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தையும் விடாதீர்கள். நடைபாதையில் கிடைக்காதது அங்கே கீழ்த்தட்டில் படுத்திருக்கும்.

நடைபாதையில் வாங்கும்போது பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு பக்க ஃபாரமாக அச்சாகின்றன. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விட்டுப்போனால் பதினாறு பக்கம் சேர்ந்து காணாமல் போகும். நான் ஒரு முறை ஆசையாக வாங்கி வந்த தொகுப்பில் 96-ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 இருந்தது. ஒரு கதையின் முடிவும் அடுத்த கதையின் தொடக்கமும் அதோடு போயின. அந்தக் கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டு பிடித்தது. அதனால் 16, 32, 48, 64 என்று பதினாறின் மடங்குகளில் மட்டும் எண்ணைச் சரிபாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாசிக்கும் நேரம். ஆவடியில் ஏறுகிறவருக்கு மூர் மார்க்கெட் வர முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். பத்துப் பன்னிரண்டு பக்கக் கதையை வில்லிவாக்கத்துக்குள் முடித்துவிடலாம். அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். லோகோ, கேரேஜ், பெரம்பூர், வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் என்று வரும் நிறுத்தங்கள் கதையை அசைபோட. இன்னொரு கதையைத் தொடங்கவே கூடாது. தொகுப்பு வாசிப்பில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே மூச்சில் வாசிப்பது. ஒவ்வொரு கதையும் தனித்தனி உலகம். ஒன்றின் விதி மனத்தில் படியும் முன் அடுத்ததற்குள் போனால் இரண்டும் கலங்கிவிடும். திரும்பும்போது அம்பத்தூர், திருமுல்லைவாயில் பக்கம் வண்டி கொஞ்சம் காலியானதும் நோட்டை எடுத்து இரண்டு பத்தியையும் நிரப்புங்கள்.

திருமுல்லைவாயிலில் இறங்குகிறவர்கள் ஒரு நாள் மாசிலாமணீசுவரர் கோயில் நந்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலான கோயில்களில் நந்தி சுவாமியைப் பார்த்திருக்கும்; இங்கே முதுகைக் காட்டி வெளியே பார்த்திருக்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நிலை என்பது தலபுராணம். திசை ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறார்கள், நந்தி நந்தியாகவே இருக்கிறது. நோட்டின் இடப்பக்கத்தில் எழுத வேண்டிய ஒரு வரி அங்கே கல்லில் உட்கார்ந்திருக்கிறது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது. பஸ்ஸில், அதுவும் நெடுஞ்சாலை நெரிசலில், எழுத்து குதிக்கும், தலை சுற்றும். இரவு படுக்கும் முன் கதையை வாசித்துவிடுங்கள். காலைப் பயணம் முழுக்க அசைபோட. ஒருவகையில் இதுதான் மேலான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. இடையில் ஒரு தூக்கம் விழுந்த கதை மறுநாள் வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. ஷிஃப்ட்டு வேலைக்காரர்களும் அப்படியே, நைட் ஷிஃப்ட்டு வாரத்தில் மட்டும் பேய்க்கதையைத் தவிர்த்துவிட்டு.

கடைசியாக, முதலில் சொன்ன வேலை: நாமே கட்டும் தொகுப்பு.

'அம்புலிமாமா' 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் வரத் தொடங்கியது. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்த தமிழர் குறைவு. மாதம் ஒரு வேதாளக் கதை, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும், நடுவில் மட்டும் புதுக்கதை. பல வீடுகளில் பன்னிரண்டு இதழ் சேர்ந்ததும் பைண்டு செய்துவிடுவார்கள். முதுகில் ஆண்டை எழுதுவார்கள். பத்திரிகைத் தொடர்களைக் கிழித்தெடுத்து பைண்டு செய்ததும் இதே கைகள்தான். அச்சுக்கூடம் தராத ஆண்டுத் தொகுப்பைத் தமிழ்க் குடும்பங்கள் கோந்தும் நூலும் காலிகோவும் வைத்துத் தயாரித்தன. அம்புலிமாமா இப்போது வருவதில்லை. அந்தப் பழக்கம் நின்றுபோக அது காரணமாகக் கூடாது.

செய்முறை எளிது. ஜனவரியிலிருந்து நீங்கள் வாசிக்கும் இதழ்களில், தீபாவளி மலர்களில், நூல்களில் வரும் மாயக்கதைகளை நோட்டில் பட்டியலிடுங்கள்: தலைப்பு, ஆசிரியர், இதழ், மாதம். இது சுந்தரர் படி. ஒவ்வொன்றுக்கும் மீறியது, மீறாதது என்று இரண்டு பத்தி. இது நம்பியாண்டார் நம்பி படி. ஆண்டு முடிவில் பன்னிரண்டுக்கு மேல் போகாமல் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு சேரவில்லையென்றால் ஏழு போதும், எண்ணிக்கைக்காக நிரப்பாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, எதை விடுவது என்பதில் வரும் சண்டைதான் உண்மையான வாசிப்பு. உங்களிடம் உள்ள இதழ்ப் பக்கங்களையே சேர்த்துத் தைக்கலாம். இது சேக்கிழார் படி. நகல் எடுத்தால் உங்கள் அலமாரிக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதியவரின் உரிமை அவருடையது, விற்பதும் பரப்புவதும் நம் வேலை இல்லை.

பைண்டரிடம் ஸ்பைரல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூல் தையல், கனத்த அட்டை, காலிகோ முதுகு. உள்ளோரத்தில் ஓர் அங்குலம் வெற்றிடம் விட்டு நகல் எடுத்தால்தான் தைத்த பிறகு எழுத்து மறையாது. இராமபாணப் பூச்சி வராமலிருக்க அலமாரியில் வசம்புத் துண்டு போதும். நம் மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டி அடுக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள்.

வரிசையை எதில் தொடங்குவது, எதில் முடிப்பது என்பது உங்கள் உரிமை. நான் முடிவு தெளிவாக இருக்கும் கதையை முதலிலும், முடியாமல் நிற்கும் கதையைக் கடைசியிலும் வைப்பேன். பிறகு பைண்டர் மறந்துவிடாமல், பின்னால் எட்டு வெற்றுத்தாள் சேர்த்துத் தைக்கச் சொல்வேன். அடுத்த டிசம்பரில் அதே கதைகளை மறுபடி வாசித்து, எந்த இரண்டை இப்போது சேர்த்திருக்க மாட்டேன் என்று அங்கே எழுத இடம் வேண்டும்.